பொப்பியும் பூவரசும்

நவம்பர் 11. முதலாம் உலகப் போர் 1918இல் ஓய்ந்த நாள். பிரித்தானியாவில் 1921 முதல் இந்த நாளையொட்டிச் சிவப்புப் பொப்பி மலர் விற்கிறார்கள். உண்டியலில் காசு போட்டவர் சட்டையில் குத்திக்கொள்ளலாம். போரில் அடிபட்டு வந்த படைவீரருக்கு அந்தக் காசு போகும். நல்ல காரியந்தான்.

ஆங்கிலேயர் ஆண்ட இலங்கைக்கும் அந்தப் பூ வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாங்க வேண்டியிருந்தது. ஆனால் பணம் பிரித்தானியப் படைவீரருக்கே போயிற்று. அதே போருக்குப் போய்வந்த நம் நாட்டவரைக் கவனிக்க ஆளில்லை.

ஏலியன் பெரேரா என்ற முன்னாள் படைவீரர் இதற்கு ஒரு வழி கண்டார். அதே நாளில், உள்நாட்டுப் படைவீரருக்காகச் சூரிய மல் விற்கத் தொடங்கினார். சூரிய மல் என்றால் வேறொன்றுமில்லை, நம் வேலியோரத்துப் பூவரசம் பூ!

1933இல் டொரீன் யங் என்ற ஆங்கிலேய ஆசிரியை 'மலர்களின் போர்' என்று பத்திரிகையில் எழுதினார். இந்த நாட்டுப் பிள்ளைகளின் காசு ஏன் கடல் கடக்க வேண்டும் என்பதே அவர் கேள்வி. சொந்த நாட்டவரே அவரை ஏசினார்கள். வாலிபர் சங்கத்தினரோ பூவரசைக் கையில் எடுத்தார்கள். சூரிய மல் இயக்கத்தின் முதல் தலைவரும் அவரே ஆனார். இரண்டாம் உலகப் போர் வரை ஆண்டுதோறும் தெருவில் இரண்டு பூக்களும் போட்டியிட்டன.

பூவரசை வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். சேர்ந்த பணமும் பெரிதல்ல. ஆனால் ஆட்கள் சேர்ந்தார்கள். 1934-35இல் மலேரியா கிராமங்களை வாரிக்கொண்டு போனபோது அந்த இளைஞர்களே நிவாரணத்துக்கு ஓடினார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் பலரும் அவர்களே.

நான் வரலாறு படிப்பித்த காலத்தில், "ஒரு பூவுக்கா சேர் இவ்வளவு சண்டை?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பூ சின்னதுதான். ஆனால் யாருடைய காயத்துக்கு மருந்து போடுகிறோம் என்பதை நெஞ்சில் குத்திக்கொண்டு தெருவில் நடப்பது சின்ன விஷயமா?

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் இப்படிக் குத்திய பூவோ கொடியோ பட்டனோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். யார் விற்றார், காசு எங்கே போனது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள்.