வாடகை வீட்டின் பதிவேடு யாருக்காக?

முந்தைய தலைமுறையினர் வாடகையைக் 'குடக்கூலி' என்றனர். பிறர் வீட்டில் குடியிருப்பதற்குத் தரும் கூலி என்பது அதன் பொருள். அந்தக் கூலி உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இடைப்பட்ட சொந்த விவகாரமாகவே நெடுங்காலம் இருந்தது. அதற்குள் அரசு எப்போது நுழைந்தது, எதற்காக நுழைந்தது என்று தேடினால் நம் நகரங்களின் வரலாற்றில் ஒரு சுவையான பகுதி புலப்படுகிறது. சென்ற முக்கால் நூற்றாண்டில் 'வாடகை வீட்டைப் பற்றித் தகவல் கொடு' என்று தமிழகத்தின் வீட்டுக்காரர்களிடம் அரசு குறைந்தது மூன்று முறை கேட்டிருக்கிறது. மூன்று முறையும் காரணம் வேறு. ஆனால் அந்த வீடு மனிதர் வாழத் தக்கதாக இருக்கிறதா என்பது மூன்றிலும் முதற்கேள்வியாக இல்லை.

பிற நாடுகளில் கதை வேறு வகையில் தொடங்கியது. இங்கிலாந்தில் 1851ஆம் ஆண்டுச் சட்டம் பொதுத் தங்கு விடுதிகளைப் பதிவு செய்து சோதனையிட வழிசெய்தது. காலராவும் காய்ச்சலும் தந்த அச்சமே அதன் வேர். 1860களில் கிளாஸ்கோ நகரம் ஒருபடி மேலே சென்றது. சிறிய வீடுகளின் கன அளவை அளந்து, இத்தனை பேர்தான் உறங்கலாம் என்று பொறித்த உலோகத் தகட்டைக் கதவில் அறைந்தனர். கணக்கு சரியா என்று பார்க்கச் சுகாதார அலுவலர்கள் நள்ளிரவில் கதவைத் தட்டினர். நோயைத் தடுக்க வந்த சோதனை ஏழைகளுக்குத் துன்பமாகவும் முடிந்தது. கூடுதலாக உறங்கியவர் தெருவுக்குத்தான் போக வேண்டியிருந்தது. சோதனை என்பது இருபுறமும் கூருள்ள கத்தி என்பதை அந்நகரம் அன்றே காட்டிவிட்டது.

அதே கிளாஸ்கோவில் 1915இல் போர்க்காலத்தைப் பயன்படுத்தி வாடகையை உயர்த்தியபோது மேரி பார்பர் போன்ற பெண்கள் திரண்டு வாடகை கொடுக்க மறுத்தனர். அவ்வாண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியது. அந்த அலை 1918இல் பம்பாய்க்கு வந்தது. சென்னை மாகாணத்தை இரண்டாம் உலகப் போரின்போது எட்டியது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1941இல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. பின்னர் 1946, 1949 ஆண்டுச் சட்டங்களும், அவற்றின் வாரிசாக 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டமும் வந்தன. போருக்கென்று வந்த விருந்தாளி போர் முடிந்தும் எழுந்து போகவில்லை.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை இன்று வாசிப்போர் வியப்படைவர். வீடு காலியானால் ஏழு நாட்களுக்குள் உரிய அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தேவைப்பட்டால் அரசு அதைத் தன் அலுவலர்களுக்கு எடுத்துக்கொள்ளும். ஆக, முதற்பதிவேடு அரசு ஊழியருக்கு வீடு தேடப் பிறந்தது. ஆயினும் அச்சட்டத்தில் குடியிருப்பவருக்கு நன்மைகள் இருந்தன. எழுத்து ஒப்பந்தம் இல்லாதவரும் பாதுகாக்கப்பட்டார். வீட்டுக்காரர் பழுதுபார்க்க மறுத்தால், கட்டுப்பாட்டு அலுவலரின் அனுமதியோடு தாமே செய்து, ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்குவரை கழித்துக்கொள்ளலாம். முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது. சட்டம் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க, சென்னையில் பத்து மாத முன்பணம் எவரும் கேள்வி கேட்காத வழக்கமாயிற்று. சட்டப் புத்தகமும் தெருவும் ஒன்றையொன்று பார்க்காமலே அரை நூற்றாண்டு வாழ்ந்தன.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. நியாய வாடகை கட்டடத்தின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிடப்பட்டது. விலைவாசி ஏற, வாடகை உறைந்து நின்றது. பராமரிக்கப் பணமின்றிப் பல பழைய வீடுகள் இடிந்தன. ஓய்வூதியத்தோடு ஒரு போர்ஷன் வாடகையை நம்பிய முதியவர், தம் வீட்டைத் திரும்பப் பெற நீதிமன்ற வாசலில் ஆண்டுகளைக் கழித்தார். மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்ற விதியை உச்ச நீதிமன்றம் 1986இல் ரத்து செய்தது. அதே நீதிமன்றம் 1997இல், பம்பாய் வழக்கொன்றில், காலத்தோடு மாறாமல் உறைந்த வாடகை இனியும் நியாயமன்று என்று கருதியது. தராசின் இரு தட்டுகளையும் நீதிமன்றம் வெவ்வேறு காலத்தில் தொட்டுப் பார்த்திருக்கிறது.

இரண்டாம் பதிவேடு காவல்துறையுடையது. 2012 பிப்ரவரி 23 அன்று சென்னை வேளச்சேரியில் வாடகை வீடொன்றில், வங்கிக் கொள்ளையில் தொடர்புடையவர்கள் எனச் சந்தேகிக்கப்பட்ட ஐவர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து, குடியிருப்போரின் விவரங்களைப் புகைப்படத்துடன் காவல் நிலையத்தில் தர வேண்டுமென மாநகரக் காவல் ஆணையர் உத்தரவிட்டார். பாதுகாப்புக்கு இது வேண்டும் என்றனர் ஒரு சாரார். சொந்த வீடு இல்லாத ஒரே காரணத்தால் ஒருவர் ஏன் சந்தேகத்துக்குரியவர் ஆக வேண்டும் என்றனர் மறுசாரார். வடமாநிலத் தொழிலாளருக்கும் தனியே வாழும் இளைஞருக்கும் வீடு கிடைப்பது மேலும் அரிதாகும் என்ற அச்சமும் எழுந்தது. அரியலூரின் சிமெண்ட் ஆலைகளைச் சுற்றி வாழும் வெளியூர்த் தொழிலாளரை அறிந்த நமக்கு அந்த அச்சம் அந்நியமானதன்று.

மூன்றாவது, 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம். நகர்ப்புற வாடகை ஒப்பந்தம் ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிந்து எண் பெற வேண்டும். முதலில் விதித்த 90 நாள் கெடு பிறகு நீட்டிக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கே பத்திரப் பதிவு கட்டாயம் என்பதால் 'பதினொரு மாத அக்ரிமெண்ட்' எழுதிப் பழகிய நம் ஊர்களுக்கு இது பெரிய மாற்றம். வாடகையை இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம். உரிமையாளர் வீட்டைப் பார்வையிட 24 மணி நேர முன்னறிவிப்பு தர வேண்டும். குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கலாகாது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை வாசித்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும்.

ஆனால் ஒரு முள் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் செய்யத் தவறியதே வெளியேற்றத்துக்கான காரணங்களுள் ஒன்றாக இச்சட்டத்தில் இடம்பெறுகிறது. ஒப்பந்தம் எழுத மறுப்பவர் பெரும்பாலும் யார்? வாடகை வருமானம் கணக்கில் வருவதை விரும்பாத உரிமையாளர். பழைய சட்டத்தில் வாய்மொழிக் குடித்தனக்காரர் காக்கப்பட்டார். புதியதில் தாளில்லாதவர் வீடில்லாதவர் ஆகக்கூடும். இருவர் செய்த தவற்றுக்கு ஒருவர் மட்டும் பெட்டியைக் கட்ட நேர்வதை நாம் பதிவின் குறையென்றே கருதுகிறோம்.

1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டத் தலைநகரானது முதல் அலுவலர்களும் மாணவர்களும் குரும்பலூர் வரை அறை தேடி வருகின்றனர். மகளிர் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமும் ஆய்வும் உண்டு. ஐந்து மாணவிகள் சேர்ந்து எடுக்கும் மாடி அறையின் மின்கம்பியையும் கைப்பிடிச் சுவரையும் அப்படிப் போய்ப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. சாதியும் மதமும் கேட்டு 'வீடு இல்லை' என்று சொல்லும் வாய்க்கும் எந்தப் பதிவேட்டிலும் கட்டமில்லை.

பதிவே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. ஊழியருக்காகவும், பின்பு காவலுக்காகவும், பின்பு ஒப்பந்தத்துக்காகவும் எழுதப்பட்ட ஏட்டில், இனியேனும் வீட்டின் நலத்துக்காக ஒரு பக்கம் திறக்கப்பட வேண்டும். குறை கண்டால் வீட்டுக்காரருக்குத் திருத்தும் கெடுவும், குடியிருப்பவருக்கு வெளியேற்றப்படாத உறுதியும் ஒருங்கே தரப்பட வேண்டும். கிளாஸ்கோவின் நள்ளிரவுக் கதவுத் தட்டல் மறவாதிருந்தால், அந்தப் பக்கத்தை நம்மால் நல்ல விதமாக எழுத முடியும்.