பொதிகைக் காட்டின் அமைதியான படித்துறைகள்: தாமிரபரணியில் நீராடச் செல்வோர் அறிய வேண்டியவை

தமிழ்நாட்டு மண்ணிலேயே பிறந்து, தமிழ்நாட்டு மண்ணிலேயே ஓடி, அங்கேயே கடலில் கலக்கும் நதி தாமிரபரணி. பொருநை என்பது அதன் பழைய பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையில் பொதிகையின் காட்டுக்குள் உற்பத்தியாகி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியாகச் சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இதற்கு நீர் தருவதால் ஆண்டு முழுவதும் வற்றாமல் ஓடுகிறது.

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் ராமேஸ்வரம், மதுரை, பழனி, திருச்செந்தூர் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். திருச்செந்தூருக்குப் போகும் வழியில் தாமிரபரணிப் பாலத்தைக் கடப்பவர்கள்கூட அதன் கரையில் இறங்குவதில்லை. கூட்டமும் தள்ளுமுள்ளும் இல்லாமல் தீர்த்தமாடி, முன்னோரை நினைத்து எள்ளும் தண்ணீரும் இறைக்க நினைப்பவர்களுக்கு இந்நதியின் படித்துறைகள் ஏற்ற இடங்கள்.

பாபநாசம்: மலையை விட்டு இறங்கும் இடம்

காட்டுக்குள் பாறைகளில் மோதி வரும் ஆறு சமவெளியைத் தொடும் இடத்தில் பாபநாசம் இருக்கிறது. ஆற்றங்கரையிலேயே பாபநாசநாதர், உலகம்மை திருக்கோயில். இந்திரன் தன்னைப் பற்றிய பாவம் நீங்க இங்கு வழிபட்டான் என்பது தலபுராணம். ஊர்ப்பெயரும் அதிலிருந்து வந்ததே.

கயிலாயத்தில் சிவன் பார்வதி திருமணம் நடந்தபோது எல்லாரும் வடக்கே கூடியதால் பூமி ஒரு பக்கம் தாழ்ந்தது, அதைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே பொதிகைக்கு அனுப்பப்பட்டார் என்ற கதை தமிழர்கள் எல்லாரும் கேட்டதுதான். அந்தத் திருமணக் காட்சியை இறைவன் அகத்தியருக்குக் காட்டியருளிய இடம் இதுவென்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. சித்திரை விசுத் திருநாளில் அந்நிகழ்வை நினைவுகூர்ந்து தீர்த்தவாரி நடைபெறுகிறது. தை அமாவாசை, ஆடி அமாவாசை நாள்களில் தர்ப்பணம் செய்யப் பெருங்கூட்டம் கூடும். மற்ற நாள்களில், அதிலும் விடியற்காலையில், படிகளில் ஆள் குறைவு. துறையில் திரியும் பெரிய மீன்களுக்குப் பொரி போடுவது குழந்தைகளுக்குப் பிடித்த வேலை.

நவகைலாயம் எனப்படும் ஒன்பது சிவத்தலங்களில் பாபநாசம் முதலாவது, சூரியனுக்குரியது. அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் ஆற்றில் ஒன்பது தாமரை மலர்களை விட, அவை ஒதுங்கிய இடங்களில் கோயில்கள் எழுந்தன என்பது வரலாறு. சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் ஆகியவை மற்ற எட்டு. இவை ஆற்றின் போக்கை ஒட்டியே இருப்பதால், ஒரு வாடகை வண்டி அமர்த்திக்கொண்டால் மலையடிவாரத்திலிருந்து கடலோரம்வரை ஒரே நாளில் தரிசித்துவிடலாம்.

காட்டுக்குள்: அகத்தியர் அருவியும் சொரிமுத்து ஐயனாரும்

பாபநாசத்துக்கு மேலே வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்தால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். களக்காடு, முண்டந்துறை என்ற இரண்டு சரணாலயங்களை இணைத்து 1988-இல் அமைக்கப்பட்ட இது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். யானை, சிறுத்தை, கரடி, மிளா எல்லாம் நடமாடும் காடு. சாவடியில் வண்டியைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் பொருள்களும் மதுபானமும் கொண்டுபோகக் கூடாது.

உள்ளே சற்றுத் தூரத்தில் அகத்தியர் அருவி. குற்றாலம் வறண்டு கிடக்கும் மாதங்களிலும் இங்கே தண்ணீர் விழும். அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம். அது ஆழமான மடு. பார்த்து வணங்கலாம், இறங்கிக் குளிப்பது ஆபத்து.

காரையாறு செல்லும் சாலையில் ஆற்றங்கரைக் காட்டில் சொரிமுத்து ஐயனார் கோயில் கொண்டிருக்கிறார். சபரிமலை ஐயப்பனுக்கு இதுவே மூலத் தலம் என்று பக்தர்கள் நம்புகின்றனர். ஆடி அமாவாசைத் திருவிழாவில் ஊர் ஊராகக் குடும்பங்கள் வந்து ஆற்றோரம் தங்கிப் பொங்கலிடுவது பழைய வழக்கம். சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் அமர்ந்து காட்சி தருவதும் விழாவின் ஒரு பகுதியாக இருந்தது. அவர்களது பட்டப்பெயரே தீர்த்தபதி. பட்டம் சூடிய கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020-இல் காலமானார்.

இக்கோயிலில் பட்டவராயன் சந்நிதியைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. பிராமணக் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், காட்டில் மாடு மேய்க்கும் சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விரும்பினான். பூணூலைக் களைந்து, செருப்புத் தைக்கக் கற்று, அந்தக் குடும்பத்தில் ஒருவனாகிப் பெண்களை மணந்தான். மாமனாரின் மாடுகளைக் கள்வரிடமிருந்து காக்கப் போராடி உயிர்விட்டான். நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டாகப் பாடப்பட்டு வரும் கதை இது. இன்றும் பக்தர்கள் அவனுக்குத் தோல் செருப்புகளையே காணிக்கையாகச் செலுத்துகின்றனர். எந்தப் பொருளைக் கோயில் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறோமோ, அதுவே இங்கே சாமிக்குக் காணிக்கை.

சமவெளித் துறைகள்

கடனாநதி தாமிரபரணியில் கலக்குமிடத்தில் திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்துக்குள் அடுக்கடுக்காகச் சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் உள்ளன. இங்கு தைப்பூசத் தீர்த்தவாரி சிறப்பானது. பத்துமலையில் ஆற்றில் நீராடிக் காவடி எடுத்துப் பழகிய நம்மவர்களுக்கு, அதே நாளில் சிவன் கோயில் ஒன்றில் ஆற்று நீராட்டு விழா நடப்பது புதிய செய்தியாக இருக்கலாம். ஊர் மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. ஊர்மக்கள் அவற்றைப் பாதுகாத்து வந்ததால் 2005-இல் இவ்வூர் பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

திருநெல்வேலி நகருக்குள் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே பாறைமீது நிற்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும். உற்சவரையும் பொருள்களையும் மேடான இடத்திலுள்ள கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிப் பூசையைத் தொடர்வார்கள்.

தோட்ட மக்களின் துயரமும் இந்த ஆற்றில்

சொரிமுத்து ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காட்டின் ஒரு பகுதியே மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட, அங்கே தேயிலைத் தோட்டம் எழுந்தது. லயன் வீடு, பெரட்டு, கங்காணி என்று மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் வாழ்ந்த அதே வாழ்க்கையை அங்குள்ள தொழிலாளர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர்.

1999 ஜூலை 23-ஆம் நாள், மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கைக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் நடந்தது. போலீசார் தடியடி நடத்த, மக்கள் ஆற்றுக்குள் ஓடினர். ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் கரைக்கு வந்து ஆற்றில் மலர் தூவி அஞ்சலி செலுத்துகின்றனர். குத்தகைக் காலம் 2028-இல் முடிவதை முன்னிட்டு 2024-இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. பிறந்த மண்ணை விட்டு இறங்க வேண்டிய நிலை அவர்களுக்கு. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய அனுபவமுள்ள நம் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நெல்லையில் நீராடுகிறவர்கள் அந்த 17 பேரையும் நினைத்து ஒரு கை நீர் விடலாம்.

பயணத்திற்குச் சில குறிப்புகள்

* திருச்சியில் விமானம் இறங்கினால் திருநெல்வேலி சுமார் 300 கிலோமீட்டர். ரயிலும் பேருந்தும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து பாபநாசத்துக்குப் பேருந்துகள் ஓடுகின்றன. ரயிலில் போவோர் செங்கோட்டைப் பாதையில் அம்பாசமுத்திரத்தில் இறங்கலாம்.

* ஜனவரி முதல் மார்ச் வரை முதியவர்களுக்கு ஏற்ற காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடைமழை. 2023 டிசம்பரில் வந்த பெருவெள்ளம் கரையோர ஊர்களைச் சூழ்ந்தது. மேலே அணை திறந்தால் கீழே வெயிலடிக்கும்போதே தண்ணீர் ஏறும். குளிக்கத் தடை என்று சொன்னால் மதித்து நடக்க வேண்டும்.

* ஆடி அமாவாசை சமயத்தில் காட்டுக்குள் தனியார் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும். முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

* படிகளில் பாசி வழுக்கும். முழங்கால் அளவு நீரில் நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டாலும் தீர்த்தமாடியதாகவே கொள்ளப்படும்.

* சோப்பு, ஷாம்பூ, எண்ணெய் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது துணி. குளித்த துணியை ஆற்றிலேயே விட்டால் பாவமும் அதோடு போய்விடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, பலர் வேட்டி சேலைகளைப் பாபநாசத்தில் விட்டுவிடுகின்றனர். அவை பாறை இடுக்கில் சிக்கி, மீன்களைக் கொல்கின்றன. அடுத்து இறங்குபவரின் காலைச் சுற்றுகின்றன. தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக அள்ளியும் தீரவில்லை. தர்ப்பணத்துக்கு வேண்டியவை எள்ளும் நீரும் தர்ப்பையும்தான். கீழே இரண்டு மாவட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர் இது. ஈரத் துணியைப் பிழிந்து பையில் போட்டு எடுத்து வருவதும் அந்த வழிபாட்டில் ஒரு பகுதிதான்.