வாத்தியாருக்கு வந்த பாடம்

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் பெருகிய வேகத்துக்கு ஆசிரியர்கள் பெருகவில்லை. 2010-ஐ ஒட்டிக் கல்லூரிகள் 500-ஐ நெருங்கிக்கொண்டிருந்தபோது, போன வருடம் பி.இ. முடித்தவர்களே இந்த வருடம் சாக்பீஸ் பிடித்தார்கள். விருதுநகர்ப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நானும் அப்படித்தான் தெர்மோடைனமிக்ஸ் எடுக்கச் சேர்ந்தேன். என்ட்ரோபிக்குச் சூத்திரம் எழுதிப் போடுவேன். அது எங்கிருந்து வந்தது என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டால், சொல்லிக் கொடுக்க எனக்கு மூத்தவர் யாரும் துறையில் இல்லை. எங்களைப் போன்றவர்களைக் கைதூக்கி விட்டது, ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களை வீடியோவாகத் தந்த என்பிடெல் திட்டம்.

திரையில் பாடம் நடத்துவது அதற்கும் முன்னாலேயே நம் நாட்டில் நடந்ததுதான். 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம், நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் போயின. சைட் என்ற அந்தச் சோதனையில் தமிழ்நாடு இல்லை. 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தன் நாடு தழுவிய வகுப்பறையைத் தூர்தர்ஷனில் தொடங்கியது. நிகழ்ச்சிகள் தயாரிக்க அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் மையங்கள் அமைந்தன. உழைப்பு பெரிது. ஆனால் ஒளிபரப்பு நேரத்தில் கல்லூரியில் வேறு பாடம் ஓடிக்கொண்டிருக்கும். புரியாத இடத்தில் நிறுத்தவும் முடியாது, திருப்பிப் போடவும் முடியாது.

சென்னை ஐஐடியில் 1999 வாக்கில் முளைத்த என்பிடெல் யோசனைக்கு 2003-இல் மத்திய அரசின் நிதி கிடைத்தது. அன்றிருந்த ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்தன. அப்போது சென்னை ஐஐடியின் இயக்குநராக இருந்த எம்.எஸ். அனந்த் இதை முன்னின்று நடத்தினார். கெமிக்கல் இன்ஜினியரான அவர் தெர்மோடைனமிக்ஸ் பாடத்தைத் தாமே கேமரா முன் நடத்தியும் இருக்கிறார். சில ஆண்டுகளில் வீடியோக்கள் யூடியூபுக்கு வந்தன. நெட் இழுத்துக்கொண்டே நிற்கும் எங்கள் ஊர் மாதிரியான இடங்களில் ஹார்ட் டிஸ்க் பிரதிதான் உதவியது.

அந்த வீடியோக்களில் அலங்காரம் எதுவும் கிடையாது. பின்னணி இசை இல்லை, அனிமேஷன் இல்லை. பல பாடங்களில், மேசையில் ஒரு வெள்ளைத் தாள், அதன் மேல் எழுதும் கை, மேலிருந்து பார்க்கும் கேமரா, அவ்வளவுதான். பேராசிரியர் அழுத்தத்துக்கும் கன அளவுக்கும் இரண்டு அச்சுகள் போட்டு, இரண்டு புள்ளிகள் வைப்பார். ஒன்றிலிருந்து மற்றதற்கு மேலே வளைந்து ஒரு கோடு, கீழே வளைந்து ஒரு கோடு. கோட்டுக்கு அடியிலுள்ள பரப்பு இரண்டிலும் வேறு. ஆகவே செய்யப்படும் வேலையும் வேறு. ஆனால் மீள்தகு பாதையில் ஏறும் வெப்பத்தை அந்தந்த இடத்து வெப்பநிலையால் வகுத்துக் கூட்டிக்கொண்டே போனால், எந்தப் பாதைக்கும் விடை ஒன்றே. பாதையைப் பொறுத்து மாறாத அந்த விடைதான் என்ட்ரோபியில் ஏற்படும் மாற்றம். அதை விளங்கவைக்க அவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த நிதானத்தைத்தான் நான் அவரிடம் படித்தேன்.

மாணவர்களுக்கென்று செய்த இந்தப் பாடங்களை முதலில் ஊன்றிப் பார்த்தவர்கள் இளம் ஆசிரியர்கள் என்றே நான் உறுதியாக நம்புகிறேன். ராத்திரி ஹாஸ்டல் அறையில் பார்ப்போம், காலையில் நடத்துவோம். பிறகு ப்ரொஜெக்டரில் போட்டு, இரண்டாவது கோடு வரையும் முன் நிறுத்தி, "தம்பி, இப்ப பரப்பு கூடுமா குறையுமா?" என்று கேட்க ஆரம்பித்தேன். வீடியோ ஓடும்போது சும்மா இருந்த வகுப்பு, நிறுத்தியதும் பேசத் தொடங்கியது.

2014 மார்ச்சில் என்பிடெலில் சான்றிதழ்ப் படிப்புகள் வந்தன. சேர்வது இலவசம், வாராவாரம் அசைன்மென்ட், தேர்வு எழுத மட்டும் கட்டணம். நேர்மையாகப் படித்துத் தேறிய பிள்ளைகளுக்கு அது பெரிய வாசல். ஆனால் சான்றிதழ்களை எண்ணிக் கணக்குக் காட்டும் பழக்கமும் கல்லூரிகளில் கூடவே வளர்ந்தது. அசைன்மென்ட் விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

இதைவிடப் பெரிய குறை மொழி. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. அதில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, ஆங்கில வழி மாணவர்களுக்கு இருந்த மாதிரி ஒரு வீடியோ அடுக்கு கிடைக்கவில்லை. டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் ஆண்டுக்கு வருகிறவர்களுக்கும் இதே கதிதான். பின்னாளில் என்பிடெல் பாடங்களைத் தமிழில் பெயர்க்கும் வேலை தொடங்கியது, வரவேற்கிறேன். ஆனால் சப்டைட்டில் வாசிக்கும் கண் தாளில் நகரும் பேனாவைத் தவறவிடுகிறது. தெர்மோடைனமிக்ஸில் அந்தப் பேனாதான் பாடம். தமிழில் நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள் அரசுக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து, தாளும் கேமராவும் கொடுத்து, இரண்டாம் ஆண்டுப் பாடங்களிலிருந்து பதிவைத் தொடங்கிவிடலாம்.