18 வயதை நெருங்கும் ஆட்டிசம் உள்ளவர்: இல்லப் பராமரிப்புக்கு முன் அறிய வேண்டியவை

மதி இறுக்கம் எனப்படும் ஆட்டிசம் வாழ்நாள் முழுவதும் தொடரும் நிலை. ஆனால் குழந்தைகளுக்கான பல சேவைகள் 18 வயதுடன் நின்றுவிடுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஷிப்டு முறையில் பணிபுரியும் பெற்றோருக்கு, வளர்ந்த மகனையோ மகளையோ பகலில் யார் பார்த்துக்கொள்வது என்பதே பெருங்கவலை. நெருக்கடி வரும்வரை காத்திராமல், 16 வயதிலேயே ஏற்பாடுகளைத் தொடங்குங்கள்.

முதலில் மருத்துவப் பரிசோதனை

வளரிளம் பருவத்தில் திடீரெனக் கோபமோ தன்னைத்தானே அடித்துக்கொள்வதோ அதிகரித்தால், உடனே இல்லத்தில் சேர்க்க முடிவு செய்ய வேண்டாம். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை ஆகியவை காரணமாக இருக்கலாம். வலிப்பு நோயும் இப்பருவத்தில் முதன்முறையாகத் தோன்றக்கூடும். அரசு மருத்துவமனையில் பரிசோதித்து, சிகிச்சை பெற்றபின் முடிவெடுங்கள்.

சட்டப்பூர்வ பாதுகாவலர்

18 வயது நிறைவடைந்தவருக்குப் பெற்றோர் தாமாகவே சட்டப்பூர்வ பாதுகாவலர் ஆவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். பாதுகாவலர் தேவையா, எவற்றுக்குத் தேவை என்பதைக் குழு ஆராயும்.

தொழிலாளர் குடும்பங்களுக்கான உரிமைகள்

இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளியின் வருமானத்தையே முழுவதும் சார்ந்துள்ள, உடல் அல்லது மனக் குறைபாடுடைய பிள்ளைக்கு அந்நிலை நீடிக்கும்வரை மருத்துவப் பயன் உண்டு. வயது வரம்பு தடையாகாது. வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத் திட்டம், 1995-இன்படி, உறுப்பினர் இறந்தால், நிரந்தரமாகவும் முழுமையாகவும் ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பின்றி ஓய்வூதியம் கிடைக்கும். பணிப் பதிவுகளில் பிள்ளையின் பெயர் உள்ளதா எனச் சரிபாருங்கள்.

இல்லத்தைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாட்டில் 14 வயதுக்கு மேற்பட்ட அறிவுசார் குறைபாடுடையோருக்கான இல்லங்களை, அரசு நிதியுதவியுடன் தொண்டு நிறுவனங்கள் தொழிற்பயிற்சியுடன் நடத்துகின்றன. ஆட்டிசத்துக்கென்றே தனி இல்லங்கள் எல்லா இடங்களிலும் இல்லை. எனவே சேர்ப்பதற்கு முன் இவற்றை நேரில் கேட்டறியுங்கள்:

• மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்கீழ் பதிவு பெற்றுள்ளதா?
• இரவில் பணியாளர் எத்தனை பேர்?
• வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்கள்?
• குடும்பத்தினர் எப்போதும் வந்து பார்க்கலாமா?

முதலில் ஒரு பகல், பிறகு ஓர் இரவு, அடுத்து ஒரு வாரம் எனப் படிப்படியாகப் பழக்குங்கள். உணவு, உறக்கம், மருந்துகள், அச்சமூட்டும் ஓசைகள், வலியை அவர் வெளிப்படுத்தும் விதம் ஆகியவற்றை எழுதிப் பணியாளரிடம் கொடுங்கள். அவர் விரும்பாத வாழிடத்தில் வாழுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே 2016 சட்டத்தின் நோக்கம். பேச இயலாதவரின் விருப்பத்தை அவரது நடத்தையிலிருந்து அறியுங்கள்.

யாரை அணுகுவது?

திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை அணுகுங்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு நேரடிப் புறநகர் இரயில் இல்லை. சென்னையில் மாற வேண்டும். ஆகவே தனித்துவ அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றின் அசல்களையும் நகல்களையும் ஒருங்கே எடுத்துச் செல்லுங்கள். மதிப்பீடு, பயிற்சி ஆகியவற்றுக்கு முட்டுக்காட்டிலுள்ள தேசிய பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான நிறுவனத்தையும் அணுகலாம்.

இல்லத்தில் சேர்த்த பின்னரும் தவறாமல் சென்று பாருங்கள். எடை குறைவு, காயத் தழும்பு, அளவு மீறிய மயக்கம் தென்பட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடமும் மேற்கண்ட அலுவலரிடமும் தெரிவியுங்கள்.