விடைப் பொறி: மூவேந்தர் அல்லாதோர் ஏந்திய இலச்சினை

தஞ்சையில் 1010இல் பெரிய கோயிலை எழுப்பி முடித்த முதலாம் இராசராசன் தன்னைச் சிவபாதசேகரன் என்று அழைத்துக்கொண்டவன். அவனுடைய குடியின் இலச்சினை புலி. மகன் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையிலும் புலியே அமர்ந்திருக்கிறது. உடன் பாண்டியரின் இரு கயல்களும் சேரரின் வில்லும் உள்ளன. இதற்கு முன்பே, 8ஆம் நூற்றாண்டில், காஞ்சியில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் ஆண்டான். அவன் திருமாலடியான்; திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரத்தை எடுப்பித்தவன். அவனது காசாக்குடிச் செப்பேட்டு முத்திரையில் இருப்பதோ விடை.

சிவனடியான் புலியைப் பொறிக்கிறான். திருமாலடியான் விடையைப் பொறிக்கிறான். அரச முத்திரையில் விடையைக் கண்டதும் "இது சைவ அடையாளம்" என்று எழுதி நகர்ந்துவிடும் வழக்கம் நம் வரலாற்று நூல்களில் வேரூன்றிவிட்டது. அந்த விளக்கம் இந்த இரு முத்திரைகளுக்கு முன்னால் நிற்கவில்லை. தமிழ் நிலத்தில் விடைப் பொறி, மூவேந்தர் மரபுக்கு வெளியே நின்று அரசுரிமை கோரியவர்களின் அடையாளமாகவே வளர்ந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

விடை தொடக்கத்தில் எந்தச் சமயத்துக்கும் தனிச்சொத்தாக இருந்ததில்லை. அசோகர் காலத்து இராம்பூர்வாத் தூணின் உச்சியில் நின்றது காளை. சமணரின் முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதரின் குறியும் காளைதான். குசாண மன்னன் வீம கட்பீசசின் காசுகளில் சிவன் விடையின் முன் நிற்கிறான். பின்னர் வலபியின் மைத்திரகரும் தானேசுவரத்து அர்சரும் தங்கள் முத்திரைகளில் விடையை அமர்த்தினர்.

தமிழில் விடையின் பழைய வாழ்வு முல்லை நிலத்தில் கிடக்கிறது. முல்லைக்கலியின் ஏறு தழுவல் பாடல்களில் காளை ஆயர் குடியின் செல்வம். இளைஞனின் ஆண்மையை அளக்கும் கோல். ஆயமகளை மணக்கும் உரிமைக்கு வாயில். அங்கே களத்தில் இறங்குபவர்கள் ஆயர்கள். களத்தைச் சூழ்ந்து பார்ப்பவர்களும் அவர்களே. அந்த உலகில் காளை அரச இலச்சினையாக வருவதில்லை. ஆனால் தொழுவிலிருந்து வெளிப்படும் காளைகளின் நிறத்தைப் பலராமனோடும் மாயோனோடும் சிவனோடும் ஒப்பிடும் வழக்கம் அப்பாடல்களிலேயே இருக்கிறது. மேய்ச்சல் நிலத்துக் காளை தெய்வத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டதை இங்கே தெளிவாகக் காண்கிறோம். புறநானூற்றுக்குப் பெருந்தேவனார் பிற்காலத்தில் சேர்த்த கடவுள் வாழ்த்து இன்னும் ஓர் அடி முன்னே போகிறது: விடை சிவனுக்கு ஊர்தி மட்டுமல்ல, கொடியும் ஆகிறது. கொடி என்பது வேந்தனுக்கு உரிய பொருள். இறைவனை வேந்தனாகப் பாடிய அந்த மொழிதான் பின்னர் வேந்தன் அதே கொடியை எடுத்துக்கொள்ள வழிவிட்டது என்று கருதுகிறேன்.

அதை எடுத்தவர்கள் பல்லவர்கள். புலி, கயல், வில் மூன்றும் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருந்த நாடு இது. முதலில் பிராகிருதத்திலும் பின்னர் சமற்கிருதத்திலும் பட்டயம் வெளியிட்ட ஒரு குடி, சங்கப் புலவர் பாடிய குலப்பெருமை எதையும் காட்ட முடியாத நிலையில், அந்த மூன்றுக்கும் மேலான ஒரு கொடியைத் தேடியது. இறைவனின் கொடியை விட மேலானது எது? பல்லவர் காசுகளில் காளை நிற்கிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் மதிலின் மேல் நந்திகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. கடற்கரைக் கோயிலையும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் எழுப்பிய இராசசிம்மன் காலத்தில் காசுக்கும் கல்லுக்கும் ஒரே உருவம் பொதுவாயிற்று. ஆகவே நந்திவர்மன் திருமாலை வணங்கியும் முத்திரையை மாற்றவில்லை. வழிபாடு அவனுடையது, விடை குடியினுடையது. பக்கக் கிளையிலிருந்து இளம் வயதில் அழைத்து வரப்பட்டு அரியணை ஏறியவனுக்குக் குடியின் பொறி மற்ற எவரையும் விட அதிகம் தேவைப்பட்டிருக்கும்.

9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழன் பல்லவன் அபராசிதனை வென்றதும் தொண்டை மண்டலத்தில் புலி வந்து அமர்ந்தது. சோழப் பெருவேந்தர் காலம் முழுவதும் விடை கருவறையை நோக்கி அமர்ந்திருந்ததே தவிர, பட்டயத்தின் மேல் ஏறவில்லை. தஞ்சையில் இன்று நாம் காணும் ஒற்றைக்கல் நந்தியும் நாயக்கர் காலத்தது.

சோழர் தளர்ந்தபோது நிலைமை மாறியது. மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்த காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் பல்லவ வழியினன் என்று உரிமை கொண்டாடினான். 14ஆம் நூற்றாண்டில் படைவீட்டிலிருந்து ஆண்ட சம்புவராயர் விடையைத் தங்கள் இலச்சினையாக்கினர். சோழருக்கு அடங்கியிருந்த குடி தனியரசானதும் எடுத்த பொறி அது. விசயநகரக் குமார கம்பணன் அவர்களை வென்றான். விசயநகரச் செப்புக் காசுகளிலும் விடை வருகிறது.

இதற்குச் சற்று முன்பு வடக்கே நடந்ததும் கவனத்துக்குரியது. இந்து சாகி மன்னர்களின் காளை–குதிரைவீரன் காசை முகம்மது கோரி நாகரி எழுத்தோடு அப்படியே தொடர்ந்து வெளியிட்டான். சந்தையில் கைமாறிப் பழகிய உருவத்தை வென்றவனும் மதித்தான். பொறிக்கும் மன்னனின் சமயத்துக்கும் பொறியின் ஆயுளுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளிடம் என் துணிபு கடைசிச் சோதனையைச் சந்திக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் குலசேகரனின் படைத்தலைவனாக ஆரியச்சக்கரவர்த்தி ஒருவன் இலங்கைக்குச் சென்றதைச் சூளவம்சம் சொல்கிறது. அந்தப் பெயர் தாங்கிய ஒரு மன்னனை 1344இல் இபன் பதூதா அங்கே நேரில் சந்தித்தார். பாண்டியப் பணியிலிருந்து எழுந்தவர்கள் கயலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவர்கள் வெளியிட்ட காசின் ஒரு பக்கத்தில் படுத்த விடையும் அதன் கீழே 'சேது' என்ற தமிழெழுத்தும் உள்ளன. கேகாலை மாவட்டத்துக் கொட்டகமைக் கல்வெட்டின் தலைப்பிலும் அதே 'சேது' வருகிறது. 1619இல் போர்த்துக்கேயர் சங்கிலி குமாரனைப் பிடிக்கும்வரை நந்திக்கொடி அந்த அரசின் கொடியாக இருந்தது.

காசில் மன்னனின் குலப்பெயரோ முன்னோன் பெயரோ எழுதப்படவில்லை என்பதே இங்கு முதன்மையானது. சோழனும் பாண்டியனும் குருதியால் ஆளும் உரிமை காட்டினார்கள். சேதுகாவலன் எனப்பட்ட ஆரியச்சக்கரவர்த்தி தான் காத்துநின்ற தலமான சேதுவைக் காட்டினான், இராமேசுவரத்து இறைவனின் விடையை அதன் மேல் அமர்த்தி.