வீட்டிலேயே தோட்டா நிரப்பும் அமெரிக்கர்கள்: மருந்து நிறுக்கும் தராசை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பொழுதுபோக்கு உள்ள பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடுவதில்லை. அதை வீட்டுக்குக் கொண்டு வந்து மறுபடியும் மருந்து நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். இந்த வேலையில் உயிருக்கே காவலாக இருப்பது ஒரு சின்ன தராசு. அதை எதைப் பார்த்து வாங்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ரீலோடிங் என்றால் என்ன?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளைக் கூடு, அடியில் பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே வெடிமருந்துத் தூள், முனையில் குண்டு. சுட்டதும் மருந்து எரிந்துவிடும், குண்டு பறந்துவிடும், பிரைமரும் தீர்ந்துவிடும். மிச்சம் நிற்பது கூடு மட்டும்தான். தோட்டாவில் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டு வந்து, மற்ற மூன்றையும் புதிதாக வைப்பதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள்.

செலவு குறையும், தன் துப்பாக்கிக்குத் தோதாகத் தோட்டாவை அமைக்கலாம், கடையில் கிடைக்காத பழைய ரகத் தோட்டாவையும் செய்துகொள்ளலாம். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால் அந்நாட்டு மத்திய சட்டப்படி இதற்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. வியாபாரமாகச் செய்தால்தான் தேவை.

தராசு ஏன் இவ்வளவு முக்கியம்?

பழைய காலத்துக் கரும்பொடி மருந்தை அளவுக் கரண்டியால் அளந்து போடுவதே வழக்கம். 1884-ல் பிரான்ஸைச் சேர்ந்த பால் வியெல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்த பிறகு கதை மாறியது. இந்த மருந்துக்கு வீரியம் அதிகம். ரகத்துக்கு ரகம் எரியும் வேகமும் வேறு. அதனால் தயாரிப்பாளர்கள் வெளியிடும் அளவுப் பட்டியல்கள் எல்லாம் எடைக் கணக்கில்தான் இருக்கும்.

அழுத்தம் எவ்வளவு தெரியுமா? கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 30 முதல் 35 பிஎஸ்ஐ. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான 'சாமி' வகுத்துள்ள உச்ச வரம்பு 35,000 பிஎஸ்ஐ. அதாவது டயரைப் போல ஆயிரம் மடங்கு! .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவுக்கு 62,000. இதெல்லாம் சுடுபவரின் முகத்துக்குச் சில அங்குலம் முன்னால் நடப்பது.

மருந்து கூடினால் துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம். "அப்போ கொஞ்சம் குறைச்சே போட்டுடலாமே" என்றால், அதிலும் ஆபத்து இருக்கிறது. மிகக் குறைந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

'கிரெய்ன்' எவ்வளவு எடை?

மருந்தை நிறுப்பது கிராமில் இல்லை, கிரெய்னில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம். ஒரு கிராமுக்கு 15.4 கிரெய்ன்.

நம்மூர்க் கணக்கில் சொன்னால், ஒரு குன்றிமணி சுமார் 120 மில்லிகிராம், கிட்டத்தட்ட 2 கிரெய்ன். ரீலோடிங் தராசு காட்ட வேண்டியது 0.1 கிரெய்ன். ஒரு குன்றிமணியை ஏறக்குறைய இருபது பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு!

சமையலறைத் தராசு ஏன் ஆகாது என்பது இதிலேயே புரியும். அது 1 கிராம் ஏறி இறங்குவதற்குள் 15 கிரெய்ன் போய்விடும். பல கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு மொத்த மருந்தே அந்த அளவுகூட வராது.

பீம் தராசு: பழசு, ஆனா நம்பகம்

நீளமான ஒரு தண்டு, ஒரு முனையில் தட்டு, தண்டின் மேல் நகர்த்தும் எடைகள். மின்சாரம், பேட்டரி எதுவும் வேண்டாம். தண்டு நிற்பது கத்தி முனை போன்ற கூரான விளிம்பில். அது ஆடிக்கொண்டே இருக்காமல் சீக்கிரம் நிற்பதற்குக் காந்தம் வைத்திருப்பார்கள். ஆர்சிபிஎஸ், லீ, ரெட்டிங் போன்ற நிறுவனங்களின் பெயரில் இவை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன.

குறை என்ன? வேகம் கம்மி. முள்ளைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அளவு தப்பும். நகர்த்தும் எடை ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்தால் 5 கிரெய்ன், 10 கிரெய்ன் என்று பெரிய பிழையே வந்துவிடும்.

டிஜிட்டல் தராசு: வேகம் அதிகம், கவனமும் அதிகம் வேண்டும்

சாதாரண டிஜிட்டல் தராசுக்குள் ஒரு சிறிய உலோகத் துண்டு இருக்கும். எடை வைத்ததும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவை மின் சிக்னலாக மாற்றி எண்ணாகக் காட்டும். அறையின் சூடு மாறினாலே இந்தச் சிக்னல் மெல்ல நகரும். ஃபேன் காற்று, அருகில் இருக்கும் செல்போன், ட்யூப் லைட், பேட்டரி குறைவு எல்லாமே எண்ணை அசைக்கலாம்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. சின்னச் சின்ன மாற்றங்களைத் தானாகச் சரிசெய்து திரையை நிலையாக வைக்கும் வசதி பல தராசுகளில் உண்டு. மருந்தைத் துகள் துகளாகச் சேர்க்கும்போது, "இது எடை இல்லை, வெறும் தடுமாற்றம்" என்று தராசு நினைத்துக்கொள்ளும். தட்டில் மருந்து ஏறியிருக்கும், திரையில் எண் ஏறியிருக்காது. அதனால் கடைசித் துகள்களைப் போட்டதும் தட்டை ஒருமுறை தூக்கி வைத்துப் பார்ப்பது நல்லது.

இதற்கு மேல் ஒரு ரகம் உண்டு. வளைவை அளக்காமல், மின்காந்த விசையால் எடையைத் தாங்கி நிறுத்தி அளக்கும் ஆய்வகத் தராசு. ஜப்பானின் ஏ அண்ட் டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-120ஐ இதற்கு உதாரணம். 0.02 கிரெய்ன் வரை காட்டும். விலை பல நூறு டாலர். நெடுந்தூர இலக்கைச் சுடும் போட்டியாளர்கள் இதை விரும்பி வாங்குகிறார்கள்.

அவ்வளவு துல்லியம் எல்லோருக்கும் தேவையா?

40 கிரெய்ன் மருந்து போடும் ரைஃபிள் தோட்டாவில் 0.1 கிரெய்ன் பிழை என்பது கால் சதவீதம்தான். 5 கிரெய்ன் போடும் கைத்துப்பாக்கித் தோட்டாவில் அதே பிழை 2 சதவீதம். அனுமதித்த உச்ச அளவைத் தொடாமல் நிரப்புபவருக்கு 0.1 கிரெய்ன் தராசே போதும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திரையில் 0.02 என்று காட்டுவது ஒன்று. அது சரியான எடையா என்பது வேறு. நுணுக்கமாகக் காட்டும் தராசு, நுணுக்கமாகத் தப்பாகவும் காட்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி சோதனை எடைக்கல். எடை உறுதியாகத் தெரிந்த சிறு கற்களின் செட் அது. தராசுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் இந்த செட்டையும் சேர்த்து வாங்காவிட்டால் பிரயோஜனம் இல்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* கிரெய்ன் அலகு கட்டாயம் இருக்க வேண்டும். 0.1 கிரெய்ன் வரை காட்ட வேண்டும்.

* அலகு மாற்றும் பட்டன் கை தவறி அழுந்தாத இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 5 கிரெய்ன் என்று நினைத்து 5 காரட் நிறுத்தால் அது 15 கிரெய்னைத் தாண்டும். பெரிய கூடு கொண்ட சில ரிவால்வர் தோட்டாக்களில் அது சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

* தானாக அணைந்துவிடும் வசதியை நிறுத்த முடிய வேண்டும். பாதி வேலையில் அணைந்தால் பூஜ்யம் மாறிவிடும்.

* பேட்டரியோடு, நேரடி மின் இணைப்பும் இருந்தால் நல்லது.

* குண்டையும் கூட்டையும் நிறுக்க 500 கிரெய்ன் அளவுக்குத் தாங்கும் திறன் இருந்தால் போதும்.

* மருந்தைத் தானே கொட்டி நிறுக்கும் இயந்திரம் வாங்கினாலும், சரிபார்க்கத் தனியாக ஒரு தராசு வேண்டும். பலர் இதற்கென்றே ஒரு பீம் தராசு வைத்திருக்கிறார்கள்.

வாங்கிய பிறகு?

ஆடாத, சமமான மேஜையில் வைக்க வேண்டும். ஃபேன், ஏசி காற்று நேராகப் படக் கூடாது. டிஜிட்டல் என்றால் ஆன் செய்து அரை மணி நேரம் கழித்துத் தொடங்கலாம். சோதனைக் கல்லை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப் பிசுக்குகூட எடைதான். நிரப்பப்போகும் மருந்தின் எடைக்கு நெருக்கமான கல்லை வைத்துச் சோதிப்பதே சரி. தொடங்கும்போது, நடுவில், முடித்த பிறகு என மூன்று முறை சோதிக்கலாம்.

ஒரு எளிய வழியும் உண்டு. காலித் தட்டை வைத்துப் பூஜ்யம் செய்த பிறகு தட்டைத் தூக்கினால், திரையில் மைனஸ் குறியோடு ஒரு எண் வரும். அது தட்டின் எடை. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை தட்டைத் தூக்கும்போதும் அதே எண் வர வேண்டும். மாறினால் தராசு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியாகச் சரியாக இருந்த இடத்திலிருந்து மறுபடி நிறுக்க வேண்டியதுதான்.

தராசால் பிடிக்க முடியாத தவறு

ஒரே கூட்டில் தவறுதலாக இரண்டு முறை மருந்து போடுவது. இரண்டு முறையும் தராசு சரியாகத்தான் காட்டியிருக்கும். அதனால் குண்டை வைப்பதற்கு முன், எல்லாக் கூடுகளையும் வரிசையாக நிறுத்தி டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார்கள். ஒன்றில் மட்டும் மருந்து மட்டம் ஏறியோ இறங்கியோ இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

இந்தியாவில் இதற்கு அனுமதி உண்டா?

அமெரிக்காவைப் போல இங்கே வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருக்கிறது என்பதாலேயே தோட்டா தயாரிக்கும் உரிமை வந்துவிடாது.