சாயம் போகும் துணி: மெட்ராஸ் கட்டத்தின் கதை

தமிழில் ஒருவரின் 'சாயம் வெளுத்துவிட்டது' என்றால் அவர் பூண்டிருந்த வேடம் கலைந்துவிட்டது என்று பொருள். துணிக்கடையில் நாம் கேட்கும் முதற்கேள்வியும் 'சாயம் போகுமா?' என்பதுதான். போகவே போகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகே விலை பேச இறங்குவோம். நெசவும் சாயமும் இவ்வாறு பேச்சுக்குள் ஊறிக்கிடக்கும் ஒரு நாட்டிலிருந்து சென்ற துணி, 'கட்டாயம் சாயம் போகும்' என்ற உத்தரவாதத்தோடு அமெரிக்காவில் விற்பனையானது. அத்துணிக்கு நம் தலைநகரின் பழைய பெயர்: மெட்ராஸ்.

நவீன ஆடை வரலாற்றை எழுதுவோர் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம், கஜம் ஒரு டாலர் வீதம் பத்தாயிரம் கஜம் கட்டம் போட்ட கைத்தறித் துணி வாங்கினாராம். குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும், இல்லையேல் வண்ணம் கரைந்து ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று நாயர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை கடைவரை போய்ச் சேரவில்லை. ப்ரூக்ஸ் பிரதர்ஸ் அதைச் சட்டைகளாகத் தைத்து விற்க, வாங்கியவர்கள் வெந்நீரில் இயந்திரத்தில் துவைக்க, சாயம் ஓடியது, புகார்கள் குவிந்தன. வழக்கு வரும் என்ற நிலையில் நாயர் நியூயார்க் சென்றார். அங்கே 'செவன்டீன்' இதழில் இத்துணியைப் பற்றிய கட்டுரை ஒன்றுக்கு வழி செய்யப்பட்டது. ஒவ்வொரு சலவையிலும் புதுத்தோற்றம் கொள்ளும் இந்திய அற்புதம் என்று அது துணியைப் புகழ்ந்தது. குறை குணமாயிற்று, கேட்டு வாங்கினார்கள்.

நாயர் சொல்லிவந்த வடிவம் இது. ஒரு நல்ல வணிகரின் கதைக்குரிய வழவழப்பு இதில் இருப்பதை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது. மெட்ராஸ் சட்டை அமெரிக்காவுக்கு 1958இல்தான் அறிமுகமானது என்பதும் சரியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கு அது விற்பனையில் இருந்தது. இன்னொரு செய்தி: நாயர் கண்ணூர்க்காரர். 1956 வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்து நெசவூர் அது. ஆகவே 'மெட்ராஸ்' என்பது ஓர் ஊரின் பெயர் என்பதைவிட ஒரு மாகாணத்தின், ஒரு துறைமுகத்தின் முத்திரை என்று கொள்வதே பொருந்தும்.

கதை எவ்வளவு உண்மையோ, அதன் விளைவு உண்மை. மெட்ராஸ் என்ற பெயரில் விற்கப்படும் துணி இந்தியாவில் கையால் நெய்யப்பட்டதாகவும், கரைந்து கலக்கும் தாவரச் சாயம் ஊட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்ற வரையறையை அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் பெயரால் அந்நாட்டு ஜவுளிப் பாடநூல்கள் எழுதி வைத்தன. சாயம் போகாவிட்டால் அது போலி! எஸ். இ. ஹின்டன் 1967இல் வெளியிட்ட 'தி அவுட்சைடர்ஸ்' நாவலில் பணக்காரப் பையன்களை அடையாளம் காட்டும் உடைகளுள் ஒன்று மெட்ராஸ் சட்டை. பல்கலைக்கழக வளாகங்களிலும் கோடைக்கால உல்லாச விடுதிகளிலும், வெளிறிய கட்டம் என்பது பழைய பணத்தின் சின்னமாகப் பொருள்பட்டது. புதுச்சட்டை வாங்கியவன் நேற்றுப் பணக்காரன். நிறம் மங்கிய சட்டை அணிந்தவன் பல கோடைகளைக் கண்ட குடும்பத்தான்.

இங்கே நம்மைத் துணுக்குறச் செய்வது வேறொன்று. சோழமண்டலக் கரை உலகப் புகழ் பெற்றதே சாயம் போகாத துணிக்காகத்தான். இம்பூறல் எனப்படும் சாயவேரிலிருந்து சிவப்பை எடுத்து, படிகாரத்தின் துணையால் அதைப் பருத்தியோடு பிணைக்கும் நுட்பம் இக்கரையின் சாயக்காரர்களுக்குக் கைவந்தது. கம்பளிக்கும் பட்டுக்கும் சாயமேற்றத் தெரிந்த ஐரோப்பாவுக்குப் பருத்தியில் நிறத்தை நிலைநிறுத்துவது பெரும் புதிராக இருந்தது. துவைக்கத் துவைக்கப் பொலிவு கூடும் துணி என்று வியந்தார்கள். புதுச்சேரியில் இருந்த சேசுசபைப் பாதிரியார் கேர்தூ 1742இல் இந்நுட்பத்தைப் படிப்படியாக விவரித்துப் பிரான்சுக்குக் கடிதம் எழுதினார். (சமஸ்கிருதத்துக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவை முன்கூட்டியே சுட்டிய அதே கேர்தூதான். மொழியியல் மாணவர்களுக்கு அவர் ஒருவர், துணி வரலாற்றாளர்களுக்கு வேறொருவர்.) இந்தியத் துணியின் வரவுக்கு அஞ்சிப் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை தடை போட்டது, இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டங்கள் இயற்றியது. அப்படிப்பட்ட கரையின் பெயர், இருநூறு ஆண்டுகளுக்குப் பின், சாயம் ஒட்டாத துணிக்கு மறுபெயராக நிலைத்துவிட்டது. 'இந்தியர்களின் பழம்பெரும் முறை இதுதான்' என்று விளம்பரம் சொன்னபோது அந்தப் பழைய அறிவு விற்பனைக்காக அழிக்கப்பட்டது என்றே நாம் கருதுகிறோம். 1869இல் சிவப்புக்கும் 1897இல் அவுரிக்கும் செயற்கை மாற்றுகள் வணிகத்துக்கு வரத் தொடங்கியபின் சாயவேரைத் தோண்டுவோர் குறைந்தனர் என்பது இதன் இன்னொரு பக்கம்.

சென்னை என்ற நகரம் உருவானதற்கே துணி ஒரு காரணம். 1639இல் பிரான்சிஸ் டே இந்த மணற்கரையைத் தேர்ந்தெடுத்தபோது, கம்பெனி மேலிடத்துக்கு அவர் முன்வைத்த வாதங்களுள் முதன்மையானது இங்கே துணி மலிவு என்பது. பின் நெசவாளர்களைக் கோட்டைக்கு அருகில் குடியேற்றினார்கள். ஆளுநர் காலெட்டின் பெயரால் அமைந்த 'காலெட் பேட்டை' நம் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. 1734இல் ஆளுநர் பிட் காலத்தில் உருவானது சின்னத் தறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. வண்ணாரப்பேட்டை துணி வெளுப்போரின் இருப்பிடம். சென்னை வரைபடத்தைத் துணியின் கதையாகவே படிக்கலாம்.

வணிகர் ஏடுகளில் இத்துணியின் பெயர் ரூமால், அதாவது கைக்குட்டை. பெயரைக் கேட்டு நம் சட்டைப்பைக்குள் அடங்குவதை நினைக்கக் கூடாது. ஏறத்தாழ ஒரு கஜ அகலமும் ஒரு கஜ நீளமும் கொண்ட சதுரங்கள், வெட்டாமல் தொடர்ச்சியாக நெய்யப்பட்டு வரும், தேவைக்கேற்ப வெட்டிக்கொள்ளலாம். சங்க நூல்கள் ஆடையை 'அறுவை' என்று சொல்வதும், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவர் இருந்ததும் நாம் அறிந்தவை. தறியிலிருந்து அறுப்பதால் அறுவை, துணிப்பதால் துணி. அந்தச் சொல்லின் உயிர் இந்த ரூமாலில் தெரிகிறது.

கட்டம் போடும் வேலை எளிமையானது. நூலுக்கு முதலில் சாயமேற்றி, பாவில் வண்ணக் கோடுகளை வரிசையிட்டு, அதே வரிசையில் ஊடையையும் ஓட்டினால் கட்டம் தானே விழும். கோடுகள் சந்திக்குமிடத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் பிறக்கும். அச்சிட்ட துணிபோல இதற்கு உள்புறம் வெளிப்புறம் கிடையாது. இரு பக்கமும் முகம்தான். இந்தக் கட்டத்தை ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் டார்டனைப் பார்த்துத்தான் நம்மவர்கள் கற்றார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். டார்டன் கம்பளியில், சாய்வரி விழும் நெசவில் செய்வது. நம்முடையது பருத்தியில், ஒன்று மேல் ஒன்று கீழாகச் செல்லும் சாதா நெசவு. டார்டன் வடிவங்களைக் கேட்டு வாங்கிய வணிகர்கள் பிற்காலத்தில் இருந்தார்கள், உண்மை. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நெசவாளர்கள் 'புல்லிகேட்' என்ற கைக்குட்டைகளைப் போலிசெய்து நெய்துகொண்டிருந்தார்கள். புல்லிகேட் என்பது நம் பழவேற்காடு. யார் யாரிடம் கற்றார்கள் என்ற கேள்விக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இத்துணி ஏறிய கப்பல்கள் எங்கே சென்றன என்பதுதான் மேல்நாட்டு ஆடை இதழ்கள் ஓரிரு வரியில் கடந்துவிடும் பகுதி. பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்க ஐரோப்பியர் கொண்டுசென்ற பண்டங்களில் இந்தியத் துணி பெரும்பங்கு வகித்தது. சோழமண்டலத்தில் நெய்த துணி லண்டன் வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே கட்டங்கட்டமாக எண்ணிக் கொடுக்கப்பட்டு, ஓர் உயிருக்கு விலையாயிற்று. தறியில் அமர்ந்தவர் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அதனால் இச்செய்தியின் கனம் குறைந்துவிடுவதும் இல்லை.

கப்பலில் அடைத்துக் கொண்டுசெல்லப்பட்டவர்களும் அவர்களின் மக்களும் கரீபியத் தீவுகளில் இதே துணியைத் தலையில் கட்டினார்கள். 1786இல் நியூ ஆர்லியன்ஸில் ஆளுநர் மீரோ, கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் சிகை அலங்காரத்தைக் காட்டாது தலைத்துணியால் மூட வேண்டும் என்று ஆணையிட்டார். தாழ்வின் அடையாளமாக விதிக்கப்பட்டதை அப்பெண்கள் பகட்டான வண்ணத் துணிகளை உயர்த்திக் கட்டி அழகுக்கு அழகாக மாற்றிக்கொண்டார்கள். மார்த்தினிக் தீவில் இன்னும் ஒருபடி மேல். 1887 முதல் 1889 வரை அங்கே தங்கியிருந்த லஃப்காடியோ ஹெர்ன், மெட்ராஸ் துணியின் வெளிர்நிறக் கட்டங்களுக்கு மஞ்சள் வண்ணம் தீட்டுவதையே தொழிலாகக் கொண்ட பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் நெசவாளர் நிறுத்திய இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தவர்கள் அவர்கள். தலைக்கட்டில் நீட்டி நிற்கும் முனைகளின் எண்ணிக்கையால் பெண்ணின் மனநிலை அறியப்படும், ஒன்றானால் உள்ளம் யாருக்கும் உரியதன்று, இரண்டானால் கொடுத்தாயிற்று என்றெல்லாம் சொல்வதுண்டு. சுற்றுலாக் கையேடுகள் இதை மிகைப்படுத்தியிருக்கவும் கூடும்.

1853இல் மார்த்தினிக்குக்கும் அடுத்த ஆண்டு குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலில் சென்று இறங்கத் தொடங்கினார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டவர்கள். மொழி தெரியாத அந்தக் கரையில், முன்பின் பார்த்திராத பெண்களின் தலையில், தங்கள் ஊர்க் கட்டம் இருப்பதை அவர்கள் கண்டிருக்க வேண்டும். ஏதேனும் ஒரு நாட்டார் பாடலிலாவது அந்தக் கணம் பதிவாகியிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நாம் ஏங்குவதுண்டு. இன்று செயின்ட் லூசியா, டொமினிக்கா, அன்டிகுவா ஆகியவற்றின் தேசிய உடையில் மெட்ராஸ் கட்டம் இடம்பெறுகிறது. சென்னை தன் பெயரை 1996இல் மாற்றிக்கொண்டது; அங்கே அது இன்னமும் மெட்ராஸ்தான்.

நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் நெசவறியாதவர்கள். மீன்பிடித்தலும் வணிகமும் அவர்கள் தொழில். மெட்ராஸ் துணியை அவர்கள் 'இஞ்சிரி' என்பார்கள். (அண்டையில் வாழும் இக்போ மக்கள் இந்தியத் துணியை 'ஜார்ஜ்' என்கிறார்கள், புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த பெயர் என்று கருதப்படுகிறது.) கலபாரிப் பெண்கள் இஞ்சிரியை அப்படியே உடுப்பதில்லை. ஊசியால் குறிப்பிட்ட இழைகளைத் தூக்கி, சவர அலகால் அறுத்து, உருவி எடுத்துவிடுகிறார்கள். வெளிர் இழைகள் போய், எஞ்சிய இழைகளில் புதிய வடிவம் ஒன்று தோன்றும். துணி வலைபோல் மென்மையாகிவிடும். ஒரு துணியை முடிக்க வாரக்கணக்கில் ஆகலாம். இழைகளை இழந்து துணி பலவீனப்படுகிறது, மதிப்போ பன்மடங்காகிறது. பெரியவர் ஒருவர் இறந்தால் வீட்டின் அறைகளில் கட்டில்களை அலங்கரித்து, தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த துணிகளை அதில் அடுக்குவார்கள். அவற்றுள் இஞ்சிரிக்கு உரிய இடம் உண்டு. ஜோன் ஐக்கர், தோன்யே எரெகோசிமா என்னும் ஆய்வாளர்கள் 1980களிலிருந்து இதை விரிவாக எழுதினார்கள். பிறநாட்டுப் பண்டம் ஒன்றைத் தனதாக்கிக்கொள்ளும் பண்பாட்டுச் செயலுக்கு இதையே எடுத்துக்காட்டாக நிறுவினார்கள். நியூயார்க்கில் துணியின் குறைக்குப் பெயர் மட்டுமே மாற்றினார்கள். கழிமுகத்துப் பெண்கள் துணியையே மாற்றினார்கள். நம் மதிப்பீட்டில் இரண்டும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவையல்ல.

சென்னையைச் சுற்றிய ஊர்களிலும் ஆந்திரத்துச் சீராலா வட்டாரத்திலும் இந்த ஆப்பிரிக்கச் சந்தைக்கென்றே தறிகள் ஓடின. நைஜீரியா அவ்வப்போது விதித்த இறக்குமதித் தடைகளும் விசைத்தறியும் அவற்றை அடக்கின.

இங்கே, நம் ஊரில், கட்டத்தின் மதிப்பு என்ன? பெண்களுக்குக் கண்டாங்கியில் ஓரளவு பெருமை உண்டு. ஆண்களுக்கு அது கைலி. வீட்டில் உடுத்துவது, வேலைக்குப் போகிறவன் உடுத்துவது, திரைப்படத்தில் பேட்டை ரௌடியைக் காட்ட உடுத்துவது. அதே கட்டத்தைச் சட்டையாகத் தைத்து அயல்நாட்டு முத்திரை குத்திக் கண்ணாடிக்கடையில் மாட்டிவிட்டால் விலையைப் பார்த்து நாம் பின்வாங்குகிறோம். கைலி இன்று குடியாத்தத்திலும் ஈரோட்டிலும் பெரும்பாலும் விசைத்தறியில் உருவாகிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் அது போன கதை தனியே எழுத வேண்டியது. ஒரு சொல்லை மட்டும் இங்கே சொல்லலாம். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் பள்ளிவாசலுக்கு உடுத்திச் செல்லும் கட்டம் போட்ட சாரத்துக்குக் 'காயின் பெலேகாட்' என்று பெயர். சென்னைக் கோட்டைக்கும் முன்பே, 1613இல், டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணி ஏற்றிய பழவேற்காடுதான் அந்தப் பெலேகாட். நம் கடைகளில் 'பளையகாட் லுங்கி' என்று கேட்டு வாங்குவோரும் அந்த ஊரின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.